கசியும் அச்சு

அச்சு முறிவதைப் பற்றி நம் பழைய நூல்கள் பேசியிருக்கின்றன. பீலி ஏற்றிய வண்டியின் அச்சைத் திருவள்ளுவர் வலியறிதலில் வைத்தார். தேரின் அச்சாணியை வினைத்திட்பத்தில் வைத்தார். உப்பு வணிகர் தம் வண்டிக்கடியில் மாற்றாகக் கட்டிச் செல்லும் சேம அச்சைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்கிய ஔவையாரின் பாட்டு புறநானூற்றில் 102ஆவதாக இருக்கிறது. வகுப்பில் அப்பாட்டை நடத்தும்போதெல்லாம் சேம அச்சு என்பதை விளக்க நாம் மாட்டுவண்டியின் படமொன்றைப் பலகையில் வரைய வேண்டியிருக்கிறது. முறியும் அச்சும், கழலும் ஆணியும், காக்கும் மாற்றச்சும் இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டன. கசியும் அச்சை மட்டும் எவரும் பாடவில்லை. பாடியிருக்கவும் முடியாது.

காரணம் எளியது. மாட்டுவண்டியில் அச்சு அசையாது. அதன்மேல் சக்கரம் சுழலும். இரண்டுக்கும் இடையில் பூசப்படுவது மசகு. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த அந்த வண்டி மை, குடத்தின் ஓரங்களில் கருமையாகப் பிதுங்கி வழியும். வண்டிக்காரர் அதைத் துடைத்துவிட்டு மீண்டும் பூசுவார். வண்டியில் ஏறி இறங்கி வேட்டியில் கறை படிந்தவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கலாம். வழிவது அங்கே குறையன்று, இயல்பு. பூசுவதும் இழப்பதும் மறுபடி பூசுவதுமாகவே அந்த வண்டிகள் ஊர் ஊராகப் போய்வந்தன.

வழிவது குறையாக மாறுவதற்கு இரண்டு மாற்றங்கள் நிகழ வேண்டியிருந்தன. சக்கரத்தோடு சேர்ந்து அச்சும் சுழல வேண்டும். அந்த அச்சைச் சுழற்றும் பற்சக்கரங்கள் எண்ணெய் நிரம்பிய ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான், பெட்டியின் அசையாத சுவரைத் துளைத்துக்கொண்டு சுழலும் தண்டு வெளியே வருகின்ற அந்த வட்டமான இடைவெளி ஒரு சிக்கலாகிறது. தண்டு தடையின்றிச் சுழல வேண்டும். எண்ணெயோ ஒரு சொட்டும் வெளிவரக் கூடாது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் இந்த இடைவெளியோடு போராடி வந்திருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தின் வரலாற்றைப் பெரிய எந்திரங்களைக் கொண்டு சொல்வது வழக்கம். நாம் ஒரு சிறிய எந்திரத்தின் பின்னச்சைத் துணைக்கு எடுத்துக்கொள்வோம்.

1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் கப் கேடட் என்னும் தோட்ட டிராக்டரைச் செய்யத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களின் புறத்தே வீடுகள் பெருகின. வீட்டைச் சுற்றிப் புல்தரை, பின்புறம் ஒரு காய்கறிப் பாத்தி, குளிர்காலத்தில் வாசலை மூடும் பனி. இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்க, ஒருவர் உட்கார்ந்து ஓட்டக்கூடிய சிறு எந்திரம் ஒன்று தேவைப்பட்டது. அதே நிறுவனம் 1947இலேயே சிறு பண்ணைகளுக்கென்று ஃபார்மால் கப் என்ற குட்டி டிராக்டரை விற்கத் தொடங்கியிருந்தது. புதிய தோட்ட டிராக்டரின் பின்பகுதிக்கு அதிலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டார்கள். விளைவு விநோதமானது: முன்னால் ஏழு குதிரைத்திறன் கொண்ட ஒற்றை உருளை எஞ்சின், பின்னாலோ ஓர் உழவு டிராக்டருக்குரிய வார்ப்பிரும்புப் பெட்டியும் பற்சக்கரங்களும். புல் வெட்டுவதற்கு இவ்வளவு வலிமை தேவையில்லை. ஆனால் தேவைக்கு மிஞ்சிய அந்த வலிமையினால்தான் அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்வெந்திரங்கள் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பல் தேய்வதில்லை, பெட்டி உடைவதில்லை. கசிகின்றன, அவ்வளவே.

கசிவு தொடங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். பின்பெட்டியின் நடுவே டிபரன்ஷியல். அதிலிருந்து இருபுறமும் இரண்டு அச்சுத்தண்டுகள் இரும்புக் குழல்களின் வழியாகச் சக்கரங்களை நோக்கிச் செல்கின்றன. பெட்டியில் உள்ள எண்ணெய் மூன்று லிட்டருக்குச் சற்று அதிகம். பற்சக்கரங்கள் அதை வாரியிறைக்க, குழல்களின் வழியே அது இரு முனைகளுக்கும் போய்ச் சேர்கிறது. சரிவான நிலத்தில் நிறுத்திவைத்தால் தாழ்ந்த பக்கத்து முனையில் தேங்கி நிற்கும். அங்கே எண்ணெய்க்கும் வெளியுலகுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் அகலங்கூட இல்லாத ஒரு வளையம். பட்டறைகளில் அதற்கு ஆயில் சீல் என்று பெயர். அந்த வளையம் எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதே நம் கதை.

கதையின் முதற்பகுதி இரயில் பாதையில் நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரயில் பெட்டிகளில் அச்சு சுழன்றது. அதன்மேல் பித்தளைத் தாங்கி அமர்ந்திருந்தது. எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவை அடியில் திணித்து வைப்பார்கள். எண்ணெய் குறைந்தால் அச்சு காய்ந்து சிவக்கும், தீப்பற்றும், சில நேரம் முறிந்து வண்டி கவிழும். ஆகவே எண்ணெய் விடுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். எலைஜா மெக்காய் அவர்களில் ஒருவர். கென்டக்கியில் அடிமைகளாக இருந்து கனடாவுக்குத் தப்பியோடிய பெற்றோருக்கு 1844இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் எந்திரவியல் பயின்றவர். திரும்பிவந்த கறுப்பின இளைஞருக்கு மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வே தந்த வேலை, கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் விடுவதும். வண்டியை நிறுத்தாமலே நீராவி எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டும் கருவிக்கு 1872இல் அவர் காப்புரிமை பெற்றார். அவருடைய பெற்றோர் தப்பியோடிய அதே கென்டக்கியில்தான் ஒரு நூற்றாண்டுக்குப் பின் நம் தோட்ட டிராக்டர் பிறந்தது என்பது தற்செயல். ஆயினும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இத்தனை பேர் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தும், எண்ணெய் உள்ளே என்ன செய்கிறது என்பது 1883 வரை எவருக்கும் சரிவரத் தெரியாது. இங்கிலாந்தில் எந்திரப் பொறியாளர் கழகத்துக்காக போஷாம்ப் டவர் என்பவர் இரயில் அச்சுகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான்கு அங்குல விட்டமுள்ள ஓர் அச்சு. அதன் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்திருக்கிறது. மேலே பித்தளைத் தாங்கி சுமையோடு அழுத்துகிறது. எண்ணெய்க் குவளை பொருத்துவதற்காக அந்தத் தாங்கியின் உச்சியில் அரை அங்குலத் துளை ஒன்றைப் போட்டார் டவர். அச்சைச் சுழலவிட்டதும் துளையின் வழியே எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார், எண்ணெய் அதைத் தள்ளி வெளியே எறிந்தது. மரச்செருகியை அடித்து வைத்தார், அதுவும் வெளிவந்தது. பின்னர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, முள் அதன் எல்லையான சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டையும் கடந்துபோயிற்று. தாங்கியின் மேலிருந்த சுமையோ சராசரியாக 100 பவுண்டுதான்.

வேறொருவராக இருந்திருந்தால் துளையை ஈயம் காய்ச்சி அடைத்துவிட்டு ஆய்வைத் தொடர்ந்திருப்பார். டவர் அந்தக் கசிவையே ஆராய்ந்தார். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று ஆப்புப்போலச் செருகுகிறது, அந்த எண்ணெய்ப் படலமே முழுச் சுமையையும் தாங்குகிறது, உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை என்பது அதிலிருந்து தெரியவந்தது. 1886இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். இன்றைய தாங்கியியல் முழுதும் அந்தச் சமன்பாட்டின்மேல் நிற்கிறது. ஒரு கசிவை எரிச்சலோடு பார்க்காமல் வியப்போடு பார்த்ததன் பயன் அது.

எண்ணெய்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது என்று தெரிந்தபின் அதை இழப்பது பொறுக்க முடியாததாயிற்று. மோட்டார் வண்டிகள் வந்தன. இரயில்வேக்கு எண்ணெய் விட ஆள் உண்டு, கார் வைத்திருப்பவருக்கு இல்லை. மூடிய பெட்டியும் அதன் வாயில் ஒரு தடுப்பும் கட்டாயமாயின. கம்பளித் திமிசு, எண்ணெயில் ஊறிய கயிறு, கார்க்கு என்று பலவற்றைத் திணித்துப் பார்த்த பிறகு எல்லோரும் வந்தடைந்த பொருள் தோல். தோலில் நுண்துளைகள் உண்டு, அது எண்ணெயைக் குடித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், மென்மையாகத் தண்டைத் தழுவும். ஆகவே சீல் செய்யும் தொழில் தோல் தொழிலுக்குள்ளிருந்து பிறந்தது. சிகாகோ ராஹைட் என்னும் நிறுவனம் 1878இல் ஆலைகளுக்குத் தோல் பட்டைகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அமெரிக்க வண்டிகளின் சீல்கள் அதன் பெயரிலேயே அறியப்பட்டன. ஜெர்மனியில் வைன்ஹைம் நகரத்து ஃப்ராய்டன்பெர்க் 1849 முதல் தோல் பதனிட்டு வந்த குடும்ப நிறுவனம். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்து தோல் விற்பனை தேய்ந்தபோது அது தோல் சீல்களைச் செய்யத் தொடங்கியது. வால்தர் சிம்மர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் அங்கே உருவாக்கிய வளையம் உலோகக் கூட்டுக்குள் தோல் உதட்டையும், அந்த உதட்டைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் சுருள்வில்லையும் கொண்டது. 1930களின் தொடக்கத்திலேயே அது பெருமளவில் விற்பனைக்கு வந்துவிட்டது. சிம்மர் வளையம் என்ற பெயர் ஜெர்மானிய மொழியில் இன்று பொதுச்சொல்லாகவே புழங்குகிறது.

இங்கே நம் கதை இருண்ட பகுதியொன்றைக் கடக்க வேண்டும். எந்திர வரலாறுகள் பெரும்பாலும் இதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. நாஜி ஆட்சியில் ஜெர்மனி அந்நியச் செலாவணி இன்றித் தவித்தது. வெளிநாட்டுத் தோலை இறக்குமதி செய்வது கடினமாயிற்று. எல்லாவற்றுக்கும் உள்நாட்டு மாற்றுப்பொருள் தேடு என்பது அரசின் ஆணை. எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊறிப் பெருத்துக் குழைந்துவிடும். ஐ.ஜி. ஃபார்பனின் வேதியியலாளர்கள் 1930களில் எண்ணெய்க்கு அசையாத நைட்ரைல் ரப்பரைக் கொண்டுவந்திருந்தார்கள். தோலினும் வெப்பம் தாங்கக்கூடியது அது. வேண்டிய வடிவில் வார்க்கலாம். ஃப்ராய்டன்பெர்க் 1936 முதல் செயற்கை ரப்பரின் பக்கம் திரும்பியது. சீலின் உதடு தோலிலிருந்து ரப்பராக மாறியது. அதே திருப்பத்தில் செருப்பின் அடியும் தோலிலிருந்து ரப்பராக மாறியது.

அந்த அடிகள் எத்தனை நாள் உழைக்கும் என்று சோதிக்க வேண்டியிருந்தது. 1940இல் பெர்லினுக்கு வடக்கே சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் பல நிறுவனங்களின் பொருள்களைச் சோதிப்பதற்கென்று ஒரு நடைபாதை அமைக்கப்பட்டது. கற்காரை, சரளை, மணல் என்று விதவிதமான தரைகள். கைதிகள் புதுக் காலணிகளை அணிந்து அதில் நாள்தோறும் நாற்பது கிலோமீட்டர் வரை நடக்கவைக்கப்பட்டார்கள். பொருந்தாத காலணிகள், பாதி வயிற்றுக்கும் காணாத உணவு. விழுந்தவர் பலர் எழவில்லை. அங்கே சோதிக்கப்பட்ட பொருள்களில் ஃப்ராய்டன்பெர்க்கினுடையவையும் இருந்தன. அந்நிறுவனமே ஒரு வரலாற்றாசிரியரை அமர்த்தித் தன் கடந்தகாலத்தை ஆராயச் செய்தது. 2016இல் வெளிவந்த அந்நூல் இவற்றையும், யூதர்களின் செருப்பு நிறுவனத்தைக் கையகப்படுத்தியதையும் பதிவு செய்திருக்கிறது. சீலின் உதட்டை எந்தக் கைதியும் நடந்து சோதிக்கவில்லை. அப்படிச் சொல்வது மிகையாகும். தோலுக்கு மாற்றுத் தேடிய ஒரே பதற்றத்திலிருந்து இரண்டும் வந்தன என்பதே நாம் சொல்ல விரும்புவது. ஒரு வளையத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் இந்த நடைபாதையைத் தவிர்த்துவிட்டுப் போகலாகாது.

போருக்குப் பிறகு ரப்பர் உதடு உலகமெங்கும் பரவியது. ஆனால் அது வேலைசெய்யும் முறை இன்னும் சில ஆண்டுகள் புதிராகவே இருந்தது. ரப்பர் தண்டை இறுகத் தழுவி எண்ணெயைத் துடைத்து நிறுத்துகிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அப்படி வறண்டு உரசினால் ரப்பர் விரைவில் கருகிவிடும். இங்கிலாந்தில் ஜாகர் என்பவர் 1957இல் வெளியிட்ட ஆய்வு, உதட்டுக்கும் தண்டுக்கும் இடையில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருப்பதைக் காட்டியது. டவர் இரயில் அச்சில் கண்ட அதே படலம். இங்கே மயிரிழையினும் பன்மடங்கு மெலிந்து நிற்கிறது. பின்னர் வந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். தண்டு சுழலும்போது நல்ல சீல் அந்தப் படலத்தை ஓயாமல் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெளியே வரத் துடிக்கும் எண்ணெயை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. ஆக, கசியாத சீல் என்பது கசிந்ததை மீட்டுக்கொள்ளும் சீல்.

இது தெரிந்தால் பழைய தோட்ட டிராக்டரின் நோயைப் புரிந்துகொள்வது எளிது. ஆண்டுகள் பல கிடந்து ரப்பர் இறுகிப்போனால் உதடு தண்டின் அசைவைப் பின்தொடராது, எண்ணெய் வெளியேறும். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினாலும் அப்படியே. மூன்றாவது காரணம்தான் வியப்பானது. தோட்டத்துத் தூசியும் மணலும் மென்மையான உதட்டில் பதிந்து, அதை ஓர் அரமாக மாற்றிவிடுகின்றன. மெத்தென்ற ரப்பர் கடினமான எஃகுத் தண்டைச் சுற்றி ஒரு பள்ளத்தை அறுத்துவிடுகிறது. கயிறு தேய்த்த கிணற்றுக் கல்லைப் பார்த்த நமக்கு இதை நம்புவது கடினமாக இராது. புதிய சீலை வாங்கிப் பொருத்தியும் மறுநாளே சொட்டுகிறதென்றால் குற்றம் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தினுடையது.

கப் கேடட்டின் பின்னச்சைச் செப்பனிடுகிறவர்கள் முதலில் எண்ணெயை வடித்துவிடுகிறார்கள். வடியும் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். வண்டியின் பின்புறத்தைத் தூக்கி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, பெட்டியின் பின்மூடியைத் திறக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு, கசிவது வெளிமுனையில் இருக்க ஏன் நடுப்பெட்டியைத் திறக்க வேண்டும் என்று தோன்றும். அச்சுத்தண்டை உள்ளே பிடித்துவைத்திருப்பது டிபரன்ஷியலுக்குள் இருக்கும் குதிரைலாட வடிவச் சிறு கவ்வி. தண்டைச் சற்றே உட்புறமாகத் தள்ளினால் கவ்வி தளரும். அதை எடுத்துவிட்டால் தண்டு முழுதும் வெளியே உருவி வரும். பிறகு பழைய சீலை நெம்பி எடுத்து, அதற்குள்ளிருக்கும் ஊசி பேரிங்கை விரலால் சுழற்றிப் பார்த்து, தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கிறார்கள். நகம் தடுக்கினால் இரண்டு வழிகள். புதிய சீலைப் பழைய இடத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பொருத்தி, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். அல்லது அதே சிகாகோ நிறுவனம் பெயர்பெறச் செய்த மெல்லிய எஃகு உறையைத் தண்டின்மேல் ஏற்றலாம். அதன் தடிமன் கால் மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். ஆகவே சீலின் அளவை மாற்ற வேண்டியதில்லை. நம் பார்வையில், அமெரிக்கச் செப்பக் கலையின் மிக அழகான பொருள்களில் ஒன்று அது.

பொருத்தும்போது சுருள்வில் இருக்கும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் சீல் எண்ணெயை வெளியே தள்ளும். உதட்டில் எண்ணெய் தடவாமல் ஓட்டினால் முதல் சில சுற்றுகளிலேயே அது கருகும். தண்டின் முனையில் உள்ள கூரிய பற்கள் உதட்டைக் கிழிக்காதிருக்க அவற்றின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு செருகுவார்கள். சுத்தியலால் ஓரத்தில் மட்டும் அடிக்காமல், சீலின் விட்டத்துக்கு ஒத்த குழாய்த்துண்டை வைத்துச் சமமாக இறக்குவார்கள். பெட்டியில் காற்றுத்துளை இருந்தால் அதைக் குத்தி விடவும் வேண்டும். அது அடைபட்டுக் கிடந்தால் சூடேறிய காற்று உள்ளே புடைத்து, எவ்வளவு நல்ல சீலையும் மீறி எண்ணெயைத் தள்ளிவிடும். டவரின் மரச்செருகி நினைவுக்கு வரலாம்.

இந்தப் பழுது இன்றும் பார்க்கத்தக்கதாக இருப்பதற்குக் காரணம் எந்திரத்தைச் செய்தவர்கள் அல்லர். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1979இன் இறுதியில் தொடங்கி 172 நாள்கள் நீடித்த வேலைநிறுத்தத்தின் பின் நிமிரவே இல்லை. 1981இல் கப் கேடட் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1985இல் அதன் வேளாண் பிரிவும் கைமாறியது. ஆனால் சீலுக்கு எந்த நிறுவனத்தின் பெயரும் தேவையில்லை. தண்டின் விட்டம், துளையின் விட்டம், அகலம் என்று மூன்று எண்கள் போதும். ரேடியல் சீல்களின் அளவுகளைச் சர்வதேசத் தரங்கள் வகுத்துவைத்திருக்கின்றன. செய்தவர் மறைந்த எந்திரத்துக்கு, அதைக் கேள்வியுற்றே இராத ஆலையொன்று வளையம் செய்து அனுப்புகிறது. பேரிங் கடையில் இடுக்கியளவியால் பழைய சீலை அளந்து எண்களைச் சொன்னால், கடைக்காரர் எந்த வண்டிக்கு என்றுகூடக் கேட்காமல் அலமாரியைத் திறக்கிறார்.

புதிய எண்ணெயை ஊற்றி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தியபின், உதட்டைச் சுற்றி மெல்லிய ஈர வளையம் ஒன்று தெரியலாம். அதைக் கண்டு மறுபடியும் பிரிக்கத் தொடங்குபவர்கள் உண்டு. சொட்டாத வரையில் அந்த ஈரம் இருக்கலாம். அது இருப்பதனால்தான் உதடு கருகாமல் இருக்கிறது.